அறுநூற்று நாற்பது மோமோ

"அப்பா, ஃப்ரீசருக்குள்ள போட்டா கிருமியெல்லாம் செத்துப்போவுமா, இல்ல தூங்குமா?"

ஃபேபியோலா இதைக் கேட்டபோது அவளுக்கு ஆறு வயது. நார்மன் செய்தித்தாளை விட்டுக் கண்ணை எடுக்காமல், "செத்துப்போவும்" என்றார். அடுப்படியிலிருந்து மில்ட்ரெட்டின் குரல் வந்தது: "பிள்ளைகிட்ட ஏன் பொய் சொல்லுதிய? சாவாதுட்டி, தூங்கும். நாம சூடு காட்டுனா முழிச்சுக்கும்."

அதற்குப் பிறகு ஒரு வாரம் அந்தப் பிள்ளை ஃப்ரிட்ஜைத் தாண்டும்போதெல்லாம் நுனிக்காலில் நடந்தாள். இப்போது அவள் பெங்களூரில் நர்சிங் படிக்கிறாள். நார்மனும் மில்ட்ரெட்டும் புனேயின் சாங்வியில், மூன்றாம் மாடியில், இரண்டு அறை வீட்டில் இருக்கிறார்கள்.

மில்ட்ரெட் ஒரு பள்ளிக்கூட அலுவலகத்தில் கிளார்க். அங்கே கோப்புகளைக் காப்பதுபோலவே வீட்டில் ஃப்ரீசரைக் காப்பாள். எதை உள்ளே வைத்தாலும் தேதி எழுதிய சீட்டு வேண்டும். பச்சை இறைச்சி அடித்தட்டில்தான் இருக்க வேண்டும். ஒருமுறை உருகியது மறுபடி உறையக் கூடாது. பின்பக்க பால்கனியில் நிற்கும் பெரிய டீப் ஃப்ரீசர், மூடிப்போன ஒரு ஐஸ்கிரீம் கடையிலிருந்து வாங்கியது. மூடியின் ரப்பர் தளர்ந்திருந்தது. ஓடுகிறதா என்று காட்டும் சிவப்பு விளக்கு எப்போதோ செத்துவிட்டது. ஆனாலும் அந்த ஃப்ரீசரை நம்பித்தான் சபையின் பெண்கள் சங்கம் மூன்று வருடமாக அறுப்பின் பண்டிகை விற்பனைக்கு, கறி வைத்த கொழுக்கட்டை மாதிரியான மோமோ போட்டது.

மோமோ போடும் யோசனையும் மில்ட்ரெட்டுடையதுதான். அதற்கு முந்தைய வருடங்களில் முறுக்கும் அதிரசமும் விற்றார்கள். பிள்ளைகள் முறுக்கைப் பார்த்துச் சிரித்துவிட்டு, வாசலில் நிற்கும் மோமோ வண்டிக்கு ஓடினார்கள். "வெளிய போயி திங்கதுக்கு நம்ம கையால திங்கட்டுமே" என்றாள் மில்ட்ரெட். விற்று வருவது சிஞ்ச்வட்டில் சபை நடத்தும் விடுதிப் பெண்பிள்ளைகளின் கம்பளிகளுக்குப் போகும்.

இந்த வருடம் பன்னிரண்டு பெண்கள் திங்கள், செவ்வாய், புதன் மூன்று சாயங்காலமும் இந்த வீட்டில் உட்கார்ந்து மடித்தார்கள். உள்ளே கோழிக்கறி, முட்டைகோஸ், இஞ்சி. மடித்ததை ஒன்றோடொன்று ஒட்டாமல் தட்டில் பரப்பி, கல்லாக உறைந்த பிறகு நாற்பது நாற்பதாகப் பையில் போட்டார்கள். பதினாறு பைகள், அறுநூற்று நாற்பது மோமோ. புதன் இரவு மூடியை அழுத்திவிட்டு மில்ட்ரெட் சொன்னாள்: "சனிக்கிழமை வரைக்கும் இத யாரும் தொறக்கக்கூடாது. தொறக்கத் தொறக்கக் குளிர் போயிரும்."

யாரும் திறக்கவில்லை. திறந்திருந்தால் தெரிந்திருக்கும்.

நார்மனுக்கு சிஞ்ச்வட்டில் வண்டி உதிரிபாகம் செய்யும் ஆலையில் வேலை. அந்தப் பக்கத்து ஆலைகளுக்கெல்லாம் வியாழன்தான் வார விடுமுறை. மின்வாரியம் பராமரிப்புக்காகக் கரண்டை நிறுத்துவதும் வியாழன்தான். அன்று காலை பத்து மணிக்குக் கரண்ட் போனது. நார்மன் எழுந்து வீடெங்கும் ஸ்விட்சுகளை அணைத்துக்கொண்டே போனார். பதினைந்து வருடத்துக்கு முன் ஒருமுறை கரண்ட் திரும்பி வந்த வேகத்தில் டிவி கருகியதிலிருந்து அவருக்கு இந்தப் பழக்கம். டிவி, ஃப்ரிட்ஜ், வாஷிங் மெஷின், கடைசியில் பால்கனி ஃப்ரீசர். பிறகு நண்பர் ஒருவரைப் பார்க்கப் போனார். சாயங்காலம் வந்தபோது கரண்ட் இருந்தது. வீட்டுக்குள் இருந்த ஸ்விட்சுகளைப் போட்டார். பால்கனியை மறந்தார்.

நினைவு வந்தது மறுநாள் வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஆறு மணிக்கு, துவைத்த சட்டையை எடுக்கப் போனபோது. மோட்டார் சத்தமே இல்லை. மூடியைத் தூக்கினார். மேலே இருந்த பையைத் தொட்டார். காதுமடல் மாதிரி மெத்தென்றிருந்தது. அக்டோபர் வெயிலில் அந்தப் பால்கனி பகலெல்லாம் கொதிக்கும். ஃப்ரீசரின் அடியில் இளஞ்சிவப்பாய் நீர் கட்டியிருந்தது.

வியாழன் பத்து மணியிலிருந்து வெள்ளி ஆறு மணிவரை. முப்பத்திரண்டு மணி நேரம்.

நார்மன் அடியிலிருந்த நீரைத் துணியால் ஒற்றி எடுத்தார். ஸ்விட்சைப் போட்டார். குளிரைக் கூட்டும் திருகைக் கடைசிவரை திருப்பினார். மில்ட்ரெட் அலுவலகத்திலிருந்து வந்து, "என்ன ஒரு மாதிரி இருக்கிய?" என்று கேட்டாள். "தலைவலி" என்றார். பொய்யில் சின்னது பெரியது கிடையாது. ஆனால் சின்னதாகத் தோன்றுவது வாயிலிருந்து சுலபமாக வந்துவிடுகிறது.

சனிக்கிழமை மில்ட்ரெட் காலையிலேயே ஆலயத்துக்குப் போய்விட்டாள், மேசைகளுக்குத் துணி விரிக்க. நார்மன் பண்டிகைக்காக அன்றும் மறுநாளும் லீவு போட்டிருந்தார். நான்கு மணிக்குச் சங்கச் செயலாளர் லீலாக்கா காரோட்டிக்கொண்டு வந்து சேர்ந்தார். இரண்டு தெர்மக்கோல் பெட்டிகள், கையில் ஒரு பட்டியல். லீலாக்காவின் குடும்பம் மூன்று தலைமுறையாகப் புனேயில் இருக்கிறது. தமிழும் ஹிந்தியும் அவர் வாயில் ஒரே பாத்திரத்தில் வெந்துகொண்டிருக்கும்.

"சலோ தம்பி, ஜல்தி ஜல்தி. டிராஃபிக்ல மாட்டுனா போச்சு."

பைகளை எடுத்து அடுக்கினார்கள். ஒரு பையைத் தூக்கிப் பார்த்து லீலாக்கா நெற்றியைச் சுருக்கினார். "ஏன் தம்பி, எல்லாம் பாறாங்கல் மாதிரி ஒண்ணா ஒட்டிக்கிட்டு இருக்கு? போன வருஷம் கோலி மாதிரி உருண்டுச்சே."

"குளிர் கொஞ்சம் ஜாஸ்தி வெச்சுட்டேன்."

"அரே, அது நல்லதுதான்."

அவர் நம்பிவிட்டார். நல்லவர்கள் சீக்கிரம் நம்பிவிடுவார்கள். ஏமாற்றுகிறவனுக்கு அதைவிடப் பெரிய தண்டனை இல்லை. நார்மன் பெட்டிகளை ஒவ்வொன்றாக மூன்று மாடி இறக்கினார். முதல் பெட்டியைக் காரின் அருகே வைத்தார். இரண்டாவதை அதன் மேல் வைத்தார். லீலாக்கா டிக்கியைத் திறந்துவிட்டு, தன்பாட்டுக்குச் சொல்லிக்கொண்டிருந்தார்: "நாளைக்கு விடுதியிலேருந்து நாப்பது புள்ளைங்களும் வருதுங்க. முதல் கூப்பன் அதுங்களுக்குத்தான். பாஸ்டர்கிட்ட சொல்லிட்டேன். காலையிலேருந்து ஒண்ணும் திங்காம, மோமோ மோமோன்னு உக்காந்திருக்கும் பாரு."

நார்மன் பெட்டியைத் தூக்கக் குனிந்தார். தூக்கவில்லை. மேல்பெட்டியை இறக்கிப் பக்கத்தில் வைத்தார். பிறகு திரும்பி, கீழ்ப்பெட்டியின் மூடிமேல் உட்கார்ந்தார்.

"என்னாச்சு? கால் பிசகிருச்சா?"

"இல்லக்கா."

"அப்ப எழுந்திரிங்க. நேரமாவுது."

"எழுந்திரிக்க மாட்டேன்."

லீலாக்கா சிரித்தார். நார்மன் சிரிக்கவில்லை என்பதைப் பார்த்து நிறுத்தினார். "மஜாக் பண்ணாதீங்க தம்பி, வெளையாடுற நேரமா இது?"

"இது போகாது. வேற ஒண்ணும் கேக்காதிய. மில்ட்ரெட்ட வரச்சொல்லுங்க, அவகிட்ட சொல்லுதேன்."

முப்பது வருட ஆலை வாழ்க்கையில் நார்மன் எந்த வாசலிலும் உட்கார்ந்ததில்லை. யூனியன் கொடி பிடித்தவர்களுக்குத் தூரத்தில் நின்று தேநீர் வாங்கிக் கொடுத்தவர் அவர். இன்று காவலாளி எட்டிப் பார்க்கிறார், கிரிக்கெட் ஆடிய பிள்ளைகள் மட்டையோடு வந்து நிற்கிறார்கள், லீலாக்கா ஒரு கையால் போனைக் காதில் வைத்து மறு கையால் அவர் தோளைப் பிடித்து இழுக்கிறார். தெர்மக்கோல் பெட்டி அவர் எடையில் கிறீச்சிட்டது. வெயில் நேரே முகத்தில் அடித்தது. அவர் முழங்காலைக் கட்டிக்கொண்டு அசையாமல் இருந்தார். மனசுக்குள் ஜெபிக்க முயன்றார். 'ஆண்டவரே, என்னை எழுப்பிவிடாதேயும்' என்பதைத் தவிர வேறு எதுவும் வரவில்லை.

ஆட்டோவில் மில்ட்ரெட் வந்து இறங்க முக்கால் மணி நேரம் ஆனது. புடவையின் தோள்மடிப்பில் இன்னும் மேசைத்துணிக்கான ஊசிகள் குத்தியிருந்தன.

"என்னங்க இது?"

"நான் வியாழக்கிழம ஸ்விட்ச்ச அணைச்சேன். வெள்ளிக்கிழம சாயந்தரந்தான் போட்டேன்." பிள்ளைகள் கேட்கிறார்கள் என்று தெரிந்தும் அவர் குரலைத் தாழ்த்தவில்லை. "முப்பத்திரண்டு மணி நேரம். எல்லாம் உருகியிருந்துச்சு. ஒங்கிட்ட சொல்லல. தலைவலின்னு சொன்னேன்."

மில்ட்ரெட் அவரையே பார்த்தாள். பிறகு பக்கத்துப் பெட்டியைத் திறந்து ஒரு பையை எடுத்து வெளிச்சத்தில் திருப்பினாள். மோமோக்கள் ஒரே கட்டியாக இறுகியிருந்தன. பையின் மூலையில் இளஞ்சிவப்பான ஐஸ் தகடு.

லீலாக்கா முந்திக்கொண்டார். "சரி, நடந்தது நடந்துருச்சு. இப்ப கல்லு மாதிரி உறைஞ்சுதானே இருக்கு? ஆவியில வேண்டாம், எண்ணெயில பொரிச்சுருவோம். மேல சேஸ்வான் சட்னி. எண்ணெயில எந்தக் கிருமி பிழைக்கும்?"

நார்மன் எழப் பார்த்தார். மில்ட்ரெட் கையைக் காட்டினாள். "எழுந்திரிக்காதிய. நல்லா உக்காருங்க."

அவர் உட்கார்ந்தார்.

"லீலாக்கா, கிருமி எண்ணெயில செத்துரும். அது கக்கி வெச்ச விஷம் சாவாது. எவ்வளவு கொதிச்சாலும் சாவாது."

"உனக்கு என்ன தெரியும், நீ என்ன டாக்டரா? எங்க வீட்டுல ராத்திரி ஃப்ரிட்ஜ் நின்னா காலையில அதையேதான் சமைக்கிறோம். இன்னிக்கு வரைக்கும் ஒரு பேதி கிடையாது."

"அது ஒங்க வீடு, ஒங்க வயிறு. நாளைக்குத் திங்கப்போறது அடுத்தவ பெத்த பிள்ளைக."

"பன்னெண்டு பேரு மூணு நாளு கை வலிக்க வலிக்க மடிச்சது, மில்ட்ரெட். அந்த உழைப்புக்கு என்ன பதில்?" லீலாக்காவின் குரல் இப்போது உண்மையிலேயே உடைந்தது. அவரும் மூன்று நாளும் மூட்டுவலியோடு தரையில் உட்கார்ந்து மடித்தவர்தான். "பாஸ்டர்கிட்ட சொல்லி ஜெபம் பண்ணிட்டு விப்போம். கர்த்தர் காப்பாத்த மாட்டாரா?"

"நாம கெடுத்து வெச்சத ராவோட ராவா சரி பண்ணுறதுக்கு அவரு நம்ம சமையக்காரரு இல்லக்கா. கெட்டதுன்னு நமக்குத் தெரியவெச்சாரே, அதுதான் அவரு காப்பாத்துனது."

"நான் பாஸ்டருக்குப் போன் போடுறேன்."

"போடுங்க. பிஷப்புக்கும் போடுங்க. இந்தப் பெட்டி இந்தக் கேட்ட தாண்டாது."

லீலாக்கா டிக்கியை ஓங்கி அறைந்து மூடினார். பட்டியலை எடுத்து ஒரு வரியை அடித்தார். கார் கேட்டைத் தாண்டும்போது சாளரத்தை இறக்கி, "புருஷனும் பொண்டாட்டியும் நல்லா உக்காருங்க!" என்று கத்திவிட்டுப் போனார். கிரிக்கெட் பிள்ளைகள் கை தட்டினார்கள். யாருக்காக என்று அவர்களுக்கே தெரிந்திருக்காது.

பெட்டிகளை மறுபடி மூன்று மாடி ஏற்றினார்கள். குப்பைக்கூடையில் அப்படியே போடப் போன நார்மனை மில்ட்ரெட் தடுத்தாள். "பையோட போட்டா, காலையில குப்ப எடுக்க வாரவ நல்ல பண்டம்னு பிள்ளைகளுக்குக் கொண்டுபோயிருவா. அவ பிள்ளையும் பிள்ளைதான்."

குளியலறைத் தரையில் உட்கார்ந்து பதினாறு பைகளையும் கத்தரித்தார்கள். ஒவ்வொரு பைமேலும் துணி சோப்புத் தூளையும் பழைய தேயிலைச் சக்கையையும் கொட்டிக் கலக்கினார்கள். உறைந்த கட்டி உடைந்தபோது ஒரு மோமோ மட்டும் முழுசாகத் தனியே உருண்டது. மில்ட்ரெட் அதை எடுத்துக் கட்டைவிரலால் மடிப்பைத் தடவினாள்.

"இது ஸ்நேஹா மடிச்சது. பாருங்க, வலப்பக்கமா சாச்சிருக்கா. சின்னப்பிள்ள, மொதோ தடவயா வந்துச்சு."

அதையும் சோப்புத் தூளில் போட்டாள். அதற்குப் பிறகுதான் அழுதாள். நார்மன் மன்னிப்புக் கேட்க வாயைத் திறந்தார். "இப்ப வேண்டாம். அந்த வாளிய எடுங்க" என்றாள்.

ஞாயிறன்று ஆராதனை முடிந்ததும் எல்லா மேசைகளிலும் கூட்டம். மில்ட்ரெட்டின் மேசையில் வெள்ளைத்துணி மட்டும். அவள் நினைத்திருந்தால் வீட்டிலேயே இருந்திருக்கலாம். பண்டிகைப் புடவை கட்டிக்கொண்டு அந்த வெறும் மேசைக்குப் பின்னால் நிமிர்ந்து நின்றாள். கூப்பனோடு வந்தவர்களிடமெல்லாம் ஒரே பதில்: "மோமோ இல்ல. எங்க வீட்டு ஃப்ரீசர் நின்னுபோச்சு. என் பொறுப்பு. கெட்டுப்போனத ஒங்களுக்குத் தர மாட்டேன்." அறுபது, எழுபது தடவை சொல்லியிருப்பாள். ஒரு தடவைகூடக் குரல் இறங்கவில்லை. மடித்த பன்னிரண்டு பேரும் ஆளுக்கொரு பக்கமாகப் பார்த்துக்கொண்டார்கள். அதே கட்டடத்தில் குடியிருந்து, காலையில் குப்பையைப் பார்த்திருந்த பாடகர் குழுக்காரர் ஒருவர் போகிறபோக்கில், "அடுத்த வருஷம் மோமோவுக்குப் பதிலா சோப்புத்தூள் விப்பீங்களாம்ல சிஸ்டர்?" என்றார்.

"விப்பேன். நல்ல சோப்பா இருந்தா விப்பேன்."

நார்மன் கூட்டத்தை விலக்கிக்கொண்டு மேசைக்கு வந்தார். "கேளுங்க, அந்த ஸ்விட்ச்ச அணைச்சது..." என்று ஆரம்பித்தார். மேசைத்துணிக்கு அடியில் மில்ட்ரெட்டின் செருப்புக் கால் அவர் காலை அழுத்தி மிதித்தது. "அது நம்ம வீட்டு விசயம்" என்றாள் அடிக்குரலில். "நேத்து பெட்டி மேல உக்காந்தியள்ல. அது எனக்குப் போதும்."

அவருக்குப் போதவில்லை.

மதியம் லீலாக்கா எலுமிச்சைச் சாறு நிரம்பிய பெரிய கண்ணாடிக் கிண்ணத்தைச் சுமந்துவந்து அந்த மேசையில் வைத்தார். "மேசை சும்மா கெடந்தா நல்லால்ல" என்று யாரிடமோ சொல்வதுபோலச் சொல்லிவிட்டு நடந்தார். கோபம் அப்படியேதான் இருந்தது. கிண்ணமும் அங்கேயே இருந்தது.

சங்கக் கூட்டத்தில் விடுதிப் பிள்ளைகளின் கிறிஸ்துமஸ் விருந்துக்கான பட்டியலிலிருந்து மோமோவை எடுத்துவிட்டார்கள். "மில்ட்ரெட் வீட்டு ஃப்ரீசரை இனி நம்ப முடியாது" என்று யாரோ சொன்னதை யாரும் மறுக்கவில்லை. அவளும் மறுக்கவில்லை. வீட்டுக்கு வந்து டீப் ஃப்ரீசரைக் கழுவித் துடைத்து, மூடியிடுக்கில் மடித்த செய்தித்தாளைச் செருகி, காற்றாடத் திறந்து வைத்தாள். அது அப்படியே கிடந்தது.

அடுத்த வியாழக்கிழமை, மில்ட்ரெட் வேலைக்குப் போனதும், நார்மன் பிம்ப்ரி கடைத்தெருவில் அலைந்து மூடிக்கு அளவான புது ரப்பர் வாங்கிவந்து மாட்டினார். அதற்கடுத்த வியாழன் மைதா பிசைந்தார். வட்டம் தேய்க்கத் தெரியவில்லை. ஒன்று குஜராத் வரைபடம்போல் வந்தது, ஒன்று சட்டைக் காலர்போல். ஆவியில் வைத்ததும் இருபத்திரண்டும் வாயைப் பிளந்தன. எல்லாவற்றையும் அவரே தின்றார். நாலாவது வாரம் வாய் மூடி வெந்தன. அன்றிலிருந்து செய்ததைத் தட்டில் ஒட்டாமல் பரப்பி, ஃப்ரீசரில் கல்லாக்கி, பையில் போட்டு, ஆலையில் உதிரிபாகத்துக்கு எழுதுகிற சதுர எழுத்தில் தேதி எழுதினார். நாலு மணிக்குள் மாவுத்தூசி இல்லாமல் தரையைத் துடைத்துவிடுவார்.

பால்கனியில் மறுபடி ஓடுகிற மோட்டார் சத்தம் மில்ட்ரெட்டின் காதில் விழாமலா இருந்திருக்கும்? அவள் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை.

கிறிஸ்துமஸ் விருந்துக்கு முந்தைய நாள் வியாழன். விடுதிப் பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் இருந்தார்கள். சமையல்காரம்மா மார்க்கெட்டுக்குப் போயிருந்தார். விடுதியின் தண்ணீர் மோட்டாரைப் பார்த்துக்கொள்கிறவர் என்பதால் பின்கதவுச் சாவி ஒன்று நார்மனிடம் இருந்தது. ஐஸ் கட்டிகள் நடுவே அடுக்கி, கம்பளியால் சுற்றிய பெட்டியை ஸ்கூட்டரிலிருந்து இறக்கினார். வழியில் இருபது நிமிடம் ஆகியிருந்தது. ஒவ்வொரு பையாக எடுத்துக் காதருகே குலுக்கினார். உள்ளே மோமோக்கள் கூழாங்கல் மாதிரி தனித்தனியே கடகடத்தன. மொத்தம் முந்நூறு. ஆளுக்கு ஏழு வரும்.

விடுதி ஃப்ரீசர் ஓடுகிறதா என்று முதலில் கையை வைத்துப் பார்த்தார். பைகளை அடித்தட்டில் வைத்தார். சட்டைப்பையிலிருந்து சீட்டை எடுத்துக் கதவில் ஒட்டினார். முந்தின வாரமே எழுதி வைத்தது.

'கோழி மோமோ. நாளை மதியம் சமைக்கும்போது மட்டும் எடுக்கவும். உருக விட வேண்டாம், அப்படியே ஆவியில் பதினைந்து நிமிடம். ஒன்றைப் பிட்டுப் பார்த்து, உள்ளே வெந்திருந்தால் கொடுக்கவும். மிஞ்சினால் திரும்ப உறைய வைக்க வேண்டாம். மில்ட்ரெட் வீட்டு ஃப்ரீசரிலிருந்து.'

கடைசி வரியை ஒருமுறை விரலால் அழுத்திவிட்டார். பின்கதவைப் பூட்டி இழுத்துப் பார்த்தார். ஸ்கூட்டரைத் தள்ளிக்கொண்டு போய், கேட்டைத் தாண்டிய பிறகுதான் ஸ்டார்ட் செய்தார்.